தோப்பும்படிக்கு ஐந்து குடும்பம்

1.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. எங்கள் தோப்பும்படி சபைக்கு இந்த வருஷத்தோடு பத்து வயது. ஆண்டுவிழா மலருக்காகச் சபை பிறந்த வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்:

"1976ஆம் ஆண்டு மட்டாஞ்சேரித் தாய்ச்சபையார் ஊக்கமாய் ஜெபித்து, தங்கள் மக்களில் ஐந்து குடும்பங்களை அன்போடு தெரிந்தெடுத்து..."

அதற்கு மேல் பேனா நகரவில்லை. 1976 சரி. ஐந்து குடும்பம் சரி, அதில் ஒன்று எங்களுடையது. மீதி எதுவும் சரியில்லை. மலருக்கு வேறு யாராவது எழுதட்டும்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பாலையா ஒரு கெட்ட மனிதர்." அடித்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. பதினோரு வருஷமாக மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையின் செயலாளர். ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் வந்து பெஞ்சு துடைப்பவர். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை: செல்லதுரை வாய் திறக்காத ஒரு கமிட்டிக் கூட்டம்.

(செல்லதுரை கொத்தனார். அந்தச் சர்ச்சுக்கு ஓடு மாற்றியபோது சாரத்திலிருந்து விழுந்து வலது கால் கோணிப்போனவர். எந்தத் தீர்மானம் வந்தாலும் அந்தக் காலை ஊன்றி எழுந்து, "ஒரு சம்சயம்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். அதுதான் பாலையாவுக்குத் தாங்காது.)

3.

துறைமுகத்து மீன் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தோப்பும்படியில் பெருகிவிட்டன. அவர்கள் மட்டாஞ்சேரிக்கு நடந்து வந்து சேர்வதற்குள் பாதி ஆராதனை முடிந்துவிடும். அங்கேயே ஒரு சபை தொடங்கலாம் என்று முடிவானது. வலை வைக்கும் ஷெட் ஒன்றைப் பிடித்தார்கள். தாய்ச்சபை ஆறு பெஞ்சும் பழைய ஆர்மோனியமும் தரும். கூடவே, பாடவும் ஜெபிக்கவும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கவும் ஐந்து குடும்பங்களைத் தரும். போகிறவர்களுக்கு இனி அதுதான் சபை. திரும்பி வருவது கிடையாது.

"பேர நீங்களே எழுதிருங்க, நீங்களே ஞாயித்துக்கெழம வாசிச்சிருங்க" என்றார் போதகர் குழந்தைசாமி.

பாலையா ஒரே மூச்சில் எழுதினார். முதல் பெயர் செல்லதுரை. அடுத்தது சந்தனமாரி, அவள் சாட்சி சொல்ல எழுந்தால் எல்லார் வீட்டிலும் சோறு ஆறிவிடும். பிறகு பிச்சை, பாட்டு முடிந்த பிறகும் தனியாக ஒரு வரி பாடுகிறவன். நான்காவது, ஜன்னலோரப் பெஞ்சுக்காக வாராவாரம் சண்டை போடும் குடும்பம். ஐந்தாவது என் அப்பா. அவர் செய்த குற்றம், செல்லதுரை பேசும்போது தலையாட்டியது.

பாலையாவின் மனைவி சரோஜம்மா அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஊழியத்துக்கு அனுப்புற லிஸ்ட்டா இது? ஓட்ட பக்கெட்ட தானம் குடுக்க ஒரு ஜெபம் வேறயா?"

"அங்க ஆளு வேணும்ல, சரோஜா."

"இங்க பாட்டு எடுக்கிறது நானு. என் பேரு எங்க?"

"நீ போயிட்டா இங்க யாரு பாடுவா?"

"அப்ப அங்க யாரு பாடுவா?"

[இந்தப் பேச்சு நான் கட்டியது. கடைசி இரண்டு வரி மட்டும் சரோஜம்மா பின்னாளில் என் மனைவியிடம் சொன்னது.]

4.

சனிக்கிழமை சாயங்காலம், மலையாளி முகமது இஸ்மாயிலின் சாயாக்கடை. செல்லதுரை காலை இழுத்துக்கொண்டு வந்து பாலையாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். (விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? சரோஜம்மாவே சொல்லியிருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை.)

"செக்ரட்டரியே, ஒரு சம்சயம். என் பேரு ஒண்ணாவதா இருக்காமே?"

பாலையா சாயா கிளாசைத் தள்ளி வைத்தார்.

"சந்தோஷம். நான் போறேன்."

பாலையா மூன்று நாளாகச் சண்டைக்குத்தான் தயாராகி வந்திருந்தார்.

"ஆனா நாளைக்கு வாசிக்கும்போது ஆவியானவர் காட்டினார்னு மட்டும் சொல்லிராத. இவன் எந்திரிச்சுக் கேள்வி கேக்கான், எனக்குப் பொறுக்கலன்னு சொல்லு. கால் போன எடத்த விட்டுப் போறேன். காரணமாவது நெசமா இருக்கட்டும்."

"அத்தன பேர் முன்னால எப்பிடிச் சொல்றது?"

"எப்பிடி எழுதின? அப்பிடியே சொல்லு."

இஸ்மாயில் எட்டிப் பார்த்தார். "பாலையா சேட்டா, சாயா ஆறிப்போச்சு. வேற ஒண்ணு எடுக்கட்டே?"

"எடுங்க இக்கா" என்றார் செல்லதுரை. "நாளைக்கு அவருக்குத் தொண்ட வேணும்."

5.

ஞாயிறு. பாலையா முன்னால் போய் நின்று காகிதத்தைப் பிரித்தார்.

முடிவு ஒன்று: ஆவியானவர் காட்டியபடி என்று வாசிக்கிறார். செல்லதுரை எழுந்து நிற்கிறார். (சிரிப்பு வந்துவிடும். வேண்டாம்.)

முடிவு இரண்டு: ஐந்து பெயரையும் அடித்துவிட்டு, தன் பெயரையும் சரோஜம்மா பெயரையும் முதலில் சொல்கிறார். (மலரில் போடலாம். படித்து அழுவார்கள்.)

முடிவு மூன்று: காரணங்களை அப்படியே வாசிக்கும்போது பாலையாவின் குரல்

இல்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து குடும்பமும் அடுத்த ஞாயிறு தோப்பும்படிக்கு நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

6.

மீதியைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் எங்கள் கமிட்டி கும்பளங்கியில் ஒரு சபை தொடங்கத் தீர்மானித்தது. நாங்கள் நான்கு குடும்பம் தர வேண்டும். இப்போது இங்கே செயலாளர் நான். பெயர் எழுத வேண்டியதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியதும் நான்.

நேற்று மத்தியானம் பென்சிலை எடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை, கை எழுதிவிட்டது. முதல் பெயர் செல்லதுரை. எழுபதைத் தொட்டுவிட்டார். இப்போதும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்கிறார்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

பாலையா அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதினால், நான் அதையே செய்வேன், அல்லது வீம்புக்கு அதற்கு நேர்மாறாகச் செய்வேன். இரண்டிலும் முடிவு என்னுடையதாக இருக்காது, நான் தப்பித்துக்கொள்வேன். அதனால் பாலையாவை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை.