கீழ்வீட்டுத் தட்டல்

தரையில் குப்புறப் படுத்து, மொசைக்கில் காதை ஒட்டிக்கொண்டு ஆதவன் காத்திருக்கிறான், மின்விசிறியை நிறுத்திவிட்டு அவன் அம்மா செண்பகவல்லியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கீழ்வீட்டிலிருந்து பேச்சு மூச்சில்லை, நேற்றும் இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை, எந்தச் சத்தம் வரக்கூடாது என்று இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சாமியைக் கும்பிட்டாளோ அதே சத்தத்துக்காக இப்போது தவம் கிடக்கிறோமே என்று நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றுபோனது, பிள்ளை இன்னும் காதை எடுக்கவில்லை.

பாளையங்கோட்டைக்குக் குடிவந்த புதிதில் இவனுக்கு ஐந்து வயது, இப்போது ஏழு, பேச்சு அன்றும் வரவில்லை இன்றும் வரவில்லை, தலைகீழாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், ஆனால் குதிப்பான், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதிகால் தெறிக்கக் குதிப்பான், குதித்த மறுநிமிஷம் கீழேயிருந்து டொக் டொக் டொக், சுகிர்தம் டீச்சர் ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிக்கிறார், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள், செண்பகவல்லி பாயை விரித்தாள், பாய்மேல் பழைய மெத்தையைப் போட்டாள், மடியில் இறுக்கிப் பிடித்தாள், கையைக் கடித்தான். படிக்கட்டில் பார்த்தால் டீச்சர் விடமாட்டார், ஏம்மா, பிள்ளைய ஒரு இடத்துல இருக்க வைக்கத் தெரியாதா உனக்கு, நாங்களும் பிள்ளையளப் பாத்தவங்கதான், என்பார், மன்னிச்சிருங்க டீச்சர், இனிமே பாத்துக்கிடுதேன் என்று இவளும் சொல்லுவாள், எத்தனை தடவை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கப்பலில் வேலை பார்க்கும் புருஷன் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவான், நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டன்னு எங்க அம்மை சொல்லுதா என்பான், சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், பிள்ளைய யார்கிட்டயாவது விட்டுட்டு வா என்பார்கள், அந்த யார் என்பது யார் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை, அதனால் அவள் எங்கேயும் போவதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், கீழேயிருந்து மூன்று இடி விழுந்ததும் ஆதவன் அப்படியே நின்றான், படுத்தான், தரையில் காதை வைத்தான், கையை மடக்கி மூன்று முறை தட்டினான், அடுப்படியிலிருந்து அவனைப் பிடிக்க ஓடிவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள், கீழே கொஞ்சம் அமைதி, பிறகு கோபமாக இரண்டு, இவன் இரண்டு, மறுபடியும் நாலு, இவன் நாலு. பெற்றவள் கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளை யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் பிள்ளை என்னை எதுத்துத் தட்டுதான் கேட்டியா என்று டீச்சர் மறுநாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், இவள் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டாள், வீட்டுக்கு வந்து மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டாள், பாயையும் எடுத்துவிட்டாள்.

போன வாரம் குடியிருப்போர் கூட்டத்தில் யாரோ ஆதவனுக்குப் பேச்சு வராத விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், படிக்கட்டில் டீச்சர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார், எனக்குத் தெரியாதும்மா, யாரும் சொல்லல, பாவம், இனிமே தட்ட மாட்டேன், அவன் இஷ்டத்துக்குக் குதிக்கட்டும், என்றார், கண் கலங்கியிருந்தது. எல்லாருக்கும் நிம்மதி. ஆதவன் குதித்தான், காதை வைத்தான், ஒன்றுமில்லை, தட்டினான், ஒன்றுமில்லை, இவளே பக்கத்தில் உட்கார்ந்து தரையில் தட்டிப் பார்த்தாள், அவன் இவள் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் காதை ஒட்டிக்கொண்டான். முதல் நாள் விடாமல் தட்டினான், நேற்று கொஞ்சம், இன்றைக்கு ஒரே ஒரு தடவை, நாளைக்கு அதுவும் இருக்காது என்று தோன்றியபோது அவளுக்குப் பயம் வந்தது, ஊர் வாய்க்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. எழுந்தாள், கதவை வெளியே பூட்டினாள், கீழே இறங்கினாள்.

வா வா, நான் ஒண்ணும் தட்டலியேம்மா, என்றார் டீச்சர் கதவைத் திறந்ததும். தட்டணும் டீச்சர், அதைக் கேக்கத்தான் வந்தேன், என்றாள் செண்பகவல்லி. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, நான் கோவத்துலல்லா தட்டுனேன். கோவத்துலயே தட்டுங்க டீச்சர், எல்லாரும் அவனைப் பத்தி என்கிட்டதான் பேசுதாங்க, அவன்கிட்ட பேசுனது நீங்க மட்டும்தான், என்றாள். ஏழு தட்டு வரைக்கும் தட்டிப் பாத்திருக்கேன், ஒரு தடவைகூடத் தப்பல அவன், என்றார் டீச்சர், பிறகு உள்ளே போய்க் கம்பை எடுத்துவந்து, இந்தா, முதல்ல நீ தட்டு, என்று நீட்டினார்.

கம்பு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, சீலிங்கில் ஓரிடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து குழியாகக் கிடந்தது, அந்த இடத்தில் வைத்து, வாய்க்குள் ஆ த வா என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டு தட்டினாள், தலையை அண்ணாந்து காத்துக்கொண்டு நிற்கிறாள், டீச்சரும் நிற்கிறார், மேலே எதுவும் இல்லை, தூங்கிவிட்டானோ, வெறுத்துப்போய்விட்டானோ என்று நினைப்பதற்குள் இடி விழுந்ததுபோல வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, அலமாரியில் தம்ளர்கள் ஆடின. இவ்வளவு சத்தமாவா கேக்கும் டீச்சர் என்றாள் அவள். இன்னைக்கு மெதுவாத்தான் தட்டுதான் என்றார் டீச்சர். பெற்றதிலிருந்து இன்றைக்குத்தான் அவள் கூப்பிட்டு அவன் பதில் சொல்லியிருக்கிறான், கூப்பிட்டது அம்மா என்று அவனுக்குத் தெரியாது, தெரியாவிட்டால் போகிறது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பை மறுபடியும் தூக்கினாள்.