தார்ப்பாய்க்கு அடியில்

ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாயை ரஞ்சித்தின் தலையில் கட்டிவிட்டார் நிலத்துக்காரர் குஞ்சிதபாதம் ஐயா. குறுவை நெல்லில் ஆறு மூட்டை கெட்டதற்கு அவர் போட்ட விலை அது. ரஞ்சித் என்னோடு மூட்டை தூக்குகிறவன். கொடுத்து முடிக்கும்வரை அவன் களத்துப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். ஈர நெல்லைத் தார்ரோட்டில் காயப்போட்டிருந்தோம். ஐப்பசி மழைக்குப் பயந்து சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவான் ரஞ்சித். விடிந்து வெயில் வந்ததும் பாயைப் பிரித்து, காலால் கிளறிவிட வேண்டியது என் மகள் ஜீவிதாவின் வேலை. பிரிக்காமல் விட்டால் ஈர நெல் உள்ளேயே வெந்துபோகும். அன்று மத்தியானம் போய்ப் பார்த்தால் குவியல் மூடியே கிடந்தது. பாயைத் தூக்கினதும் ஆவி முகத்தில் அடித்தது. அடிநெல் மஞ்சளாகிப் புளித்த வாடை வந்தது. ஜீவிதா, தான் காலையிலேயே பிரித்துக் கிளறிவிட்டதாகவும் யாரோ மறுபடி மூடிவிட்டதாகவும் சொன்னாள். லேசாகத் தூறல் போட்டிருந்ததால், ரஞ்சித்தான் அவசரப்பட்டு மூடியிருப்பான் என்று ஐயா முடிவு கட்டினார். இல்லை என்று அவன் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. நானும் மகள் பக்கம்தான் நின்றேன்.

மறுநாள் கடைத்தெருவில் பாஸ்டர் அம்மா என்னை நிறுத்திப் பாராட்டினார். அறுப்புப் பண்டிகைப் பாட்டில் தனியாகப் பாடும் இடம் ஜீவிதாவுக்குத்தானாம். நேற்றுக் காலையில் முதல் ஆளாகப் பயிற்சிக்கு வந்து மத்தியானம்வரை பாடினாளாம். பாய் பிரிக்கிற நேரம் அது.

வாய்க்கால் ஓரமாக நடந்து வந்தவன், பூவரச மரத்தில் ஒரு குச்சியை ஒடித்து இலையை உருவினேன். பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். வாசலில் என் மனைவி லீதியாள் குச்சியைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அடிங்க. வலிக்குதுன்னு அழுவா. அழுதுட்டா கணக்கு தீந்துபோச்சுன்னு நெனச்சுக்குவா. ரஞ்சித் கணக்கு?"

"அப்ப கொஞ்சச் சொல்றியா?"

"கொஞ்ச வேண்டாம். அவ வாயால வரட்டும். அதுவரைக்கும் பொறுங்க."

பொறுப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். குச்சியைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். ஜீவிதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண் கூரைக்குப் போய்த் திரும்பியது. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன்.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் அதை நடத்துகிறவள் ஜீவிதாதான். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தொடங்கினாள். ஆகாரம் கேட்கும் இடம்வரை சரளமாக வந்தது. கடனை மன்னிக்கக் கேட்கும் இடத்தில் நின்றுபோனாள். மற்ற நாளாக இருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. லீதியாள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளியே பம்புசெட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் பாயப் பிரிக்கவே இல்லப்பா," என்றாள்.

கை தானாகக் கூரைப்பக்கம் எழுந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தக் குறுகலைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"ஏன் பொய் சொன்ன?"

"அடிப்பீங்கன்னுதான்."

எழுந்து குச்சியை உருவி அடுப்பில் போட்டேன். பச்சைக் குச்சி, எரியாமல் புகைந்தது. திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"காலையில ஐயா வீட்டுக்குப் போறோம். சொல்றது உன் வேல. பணத்த நான் குடுக்கறேன்."

"நீங்க ஏம்ப்பா குடுக்கணும்?"

"உன்னால முடியாதுல்ல. அதான்."

விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைச் சொல்லி முடித்தாள்.

காலையில் ஐயா வீட்டு வாசலில் ரஞ்சித்தும் நின்றிருந்தான். பிடித்துவைத்த கூலியைக் கேட்க வந்தவன். ஜீவிதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையை எடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் நின்றேன். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டுப் பயிற்சிக்குப் போனதை, திரும்பி வந்ததும் பயந்து பொய் சொன்னதை, எதையும் விடவில்லை.

ஐயா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா தேவசித்தம், வாரம் தவறாம கோயிலுக்குப் போற வீடாச்சே. பொய் சொல்லத்தான் கத்துக் குடுக்கறாங்களா?"

"சொல்லிட்டுதுங்க. அதான் கூட்டிட்டு வந்தேன். பணத்த எங் கூலியில கழிச்சுக்கங்க."

ஜீவிதா ரஞ்சித் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க மாமா," என்றாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஊரு முழுக்க எம் பேரு நாறிப்போச்சு தாயி. பண்டிகையில நல்லாப் பாடு, அது போதும். உங்கப்பன் மட்டும் எனக்கு டீ வாங்கித் தரணும்."

ஐயாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு ரூபாய்கூட அவர் தள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. தூக்குகிற மூட்டைக்கெல்லாம் பாதிக் கூலிதான் கைக்கு வந்தது. தோள்பட்டை ராத்திரியில் குடையும். ஜீவிதா பேசாமல் எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

தை பிறந்து சம்பா அறுப்பும் வந்தது. ஒரு சாயங்காலம் கூலி கொடுக்கும்போது ஐயா முழுப் பணத்தையும் என் கையில் வைத்தார். கடன் முந்தாநாளே தீர்ந்துவிட்டது என்றார். அப்புறம் ரோட்டில் குவிந்திருந்த நெல்லைப் பார்த்தபடி, "காலையில பாய் பிரிக்க ஆள் வேணும். உம் மவள அனுப்பு," என்றார்.

விடிந்ததும் நான் போனபோது பாய் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ஜீவிதா முழங்கைவரை நெல்லுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.