எஞ்சினியர் சொல்லும் வரை

ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் மண்டபத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். மூன்று பெரிய பீப்பாய்களை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து, பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது போலக் கூரை. அறுபத்தொன்றில் ஒரு சிமென்ட் ஆலை தன் தொழிலாளிகள் கேரம் ஆடவும் சினிமா பார்க்கவும் கட்டிக்கொடுத்தது. கூரையின் கனம் மூன்றே அங்குலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஆலை மூடிய பிறகு அதில் ஆடுகள்தான் ராஜபோகமாகக் குடியிருந்தன.

அதைச் செப்பனிட்டு டயாலிசிஸ் மையமாக்க ஒரு அறக்கட்டளை முன்வந்திருந்தது. கூரை தாங்கும் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் எஞ்சினியர் ஃபைஸா. கட்டடம் நிற்குமா, விழுமா என்று சொல்வது அவள் தொழில். ஆனால் இந்த ஒரு கட்டடம் நின்றே ஆக வேண்டும் என்று அவள் தொழுகையில் துவா கேட்டதற்குக் காரணம் தொழில் இல்லை. அவளுடைய அத்தா ஜபருல்லா துபாயில் இருபத்திரண்டு வருஷம் உழைத்துவிட்டு, இரண்டு சிறுநீரகத்தையும் பறிகொடுத்து அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் திருச்சிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, திரும்பும் வழியெல்லாம் வாந்தி. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி குறைந்துதான் வீடு திரும்பினார். மையம் இங்கே வந்தால் பாதி தூரம் மிச்சம்.

கூரைக்கு ஒரே ஒரு குறை. அது காய மாட்டேன் என்றது.

சித்திரை வெயிலில் காக்கைகூட நிழல் தேடும் ஊரில், அந்தக் கூரை மட்டும் நனைந்தே கிடந்தது. மேலே தொட்டி இல்லை, குழாய் இல்லை, மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால், போன மாதம் போட்ட கூரையில்கூட அவள் பார்த்திராத எண் வந்தது. பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் சொட்டும் கூரைக்குக் கீழே டயாலிசிஸ் மெஷின்களை எப்படி வைப்பது? மாத முடிவுக்குள் காயாவிட்டால் இடித்துவிட்டு, மையத்தைத் திருச்சியிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று அறக்கட்டளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி குருநாதன்தான் அதை முதலில் கண்டுபிடித்தார். கூரைத் தூசியில், ஈரத்தோடு ஈரமாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் தடம்.

"மேடம், இது சணல் சாக்கு. க்யூரிங்குக்குப் போடுவமே, அது."

புதுக் கான்கிரீட்டைக் காயவிடக் கூடாது. தட்டையான கூரை என்றால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். வளைந்த கூரையில் தண்ணீர் நிற்காது என்பதால் சாக்கைப் போர்த்தி, நாளுக்கு நான்கு தடவை நனைப்பார்கள். மூன்று வாரம் செய்தால் போதும்.

"இப்பதான் சிமென்ட்டு பிளாஸ்டிக் பையில வருதே. சாக்கு ஏது?" என்றாள் ஃபைஸா.

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்று ஏணியில் இறங்கிய குருநாதன், அதற்குப் பிறகு மேலே ஏறவே இல்லை. முழங்கால் வலியாம்.

எதிரே டீக்கடை வைத்திருந்த சிந்தாமணிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஃபைஸா கேட்டதும், வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எங்கப்பா வேலைதாங்க அது. பிச்சைமுத்துன்னு பேரு. இந்தக் கூரைக்கு தண்ணி ஊத்துனது அவருதான். நடராசன்னு ஒரு எஞ்சினியரு, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு திருச்சிக்கு ஜீப்புல போனாரு. போற வழியிலயே லாரி மோதி செத்துட்டாரு."

"அப்புறம்?"

"மேனேஜரு சொன்னாரு, மேஸ்திரி சொன்னாரு, எங்கம்மா அழுது பார்த்துச்சு. எஞ்சினியரு சொல்லலியேன்னுட்டாரு. அப்படியே இருபத்தொம்போது வருசம் ஊத்துனாரு. பைத்தியம்னு சொல்லி வாட்ச்மேன் வேலையக் குடுத்து விட்டுட்டாங்க. குடமும் கையுமா அந்த ஏணியிலதான் உசிரு போச்சு." வடையைத் திருப்பிப் போட்டாள். "போனப்புறமும் விடல."

ஃபைஸா நம்பினாளா என்றால், நம்பவில்லை. நம்பாதவள் எழுந்து போயிருக்கலாம், போகவும் இல்லை. என்ன செய்வது என்று கேட்டாள்.

"நீங்க எஞ்சினியரு தானே? நீங்க சொன்னா கேப்பாரு."

மறுநாள் உச்சி வேளை. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தலையில் ஹெல்மெட், கையில் ஃபைல், பார்க்க எஞ்சினியர் மாதிரியே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஃபைஸா ஏணி ஏறினாள். கூரையில் யாரும் இல்லை. எங்கோ ஈரச் சாக்கை விரித்துப் போடுகிற மாதிரி 'சொத்'தென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டடி தள்ளி, அப்போதுதான் வெயிலில் வெளுக்கத் தொடங்கியிருந்த கான்கிரீட்டில் ஒரு சாக்கு அகலத்துக்கு ஈரம் பரவியது. அந்த வெயிலில் அவளுக்குப் பல் கிட்டியது. தெரிந்த ஆயத்தை எல்லாம் ஓதிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிச்சைமுத்து, நான் எஞ்சினியர் பேசுறேன். கூரை நல்லா இறுகிடுச்சு. இதோட போதும்."

"சரிங்க சார்."

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எஞ்சினியர் என்றால் அவருக்கு சார்தான்.

"அடுத்து என்ன வேலைங்க?"

பதில் சொல்லாமல், கையிலிருந்த ஃபைலைக்கூட அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தாள் ஃபைஸா.

மூன்றே நாளில் கூரை சுண்ணாம்பாகக் காய்ந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். ஆடி கடைசியில் மையம் திறந்தது. பீப்பாய்க் கூரைக்கு வெள்ளையடித்து, கீழே பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மெஷின். ஜபருல்லாவுக்கு ஜன்னலோரக் கட்டில். மகள் காப்பாற்றிய கூரை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

பெரம்பலூர் ஆபீஸில் மட்டும் தினமும் உச்சி வேளையில் ஒன்று நடந்தது. வாசல் டைல்ஸில், கதவைப் பார்த்தபடி, இரண்டு ஈரக் காலடி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. வெறுமனே நின்றது. பெருக்க வரும் பெண் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனாள்.

"வேலைய முடிச்ச ஆளுக்கு அடுத்த வேலையச் சொல்லாம வந்தா, நிக்கத்தானே செய்வாரு? வேற எங்க போவாரு?" என்றாள் சிந்தாமணி.

புரட்டாசியில் ஒரு நாள், ஃபைஸா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜபருல்லாவின் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்தது. கண் செருகியது. நர்ஸ் ஓடினாள், டாக்டர் ஓடினார், நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள். டாக்டர் கையை எடுத்துவிட்டு ஃபைஸாவைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில், துடைத்த தரையில், அந்த இரண்டு ஈரக் காலடியைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. அத்தா போகக் கூடாது என்பதைத் தவிர அவள் மனசில் அப்போது வேறு எதற்கும் இடமில்லை.

"எங்க அத்தாவப் பார்த்துக்குங்க," என்றாள். "நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

டாக்டர் தன்னிடம் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையசைத்தார். ஜபருல்லா கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகவில்லை என்பதுதான் விஷயம். சோறு இறங்கவில்லை, எலும்பும் தோலுமாகிப் படுத்துவிட்டார், இந்த ரிப்போர்ட்டோடு ஒருத்தர் உயிரோடு இருக்க முடியாது என்று டாக்டர் இரண்டு தடவை புதிதாக ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். மார்பு எப்போதும் ஈரமாக, மண்பானையைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. ஃபைஸா நாளுக்கு நான்கு தடவை போர்வை மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்துவிடும்.

"குளுருதும்மா," என்றார் ஒரு மத்தியானம். குரல் உதட்டைத் தாண்டவில்லை. "யாரோ ஒருத்தர் என் மேல எதையோ போத்திக்கிட்டே இருக்காரு. நல்ல மனுசன்தான். போக விடுங்கன்னு கேட்டுட்டேன். உன்னக் கேக்கச் சொல்றாரு."

ஃபைஸா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலின் கால்மாட்டைப் பார்க்காமல் இருப்பதற்கு அவள் பழகியிருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லிடும்மா."

"நாளைக்குச் சொல்றேன் அத்தா," என்றாள்.

அவர் கேட்க ஆரம்பித்து நாற்பது நாள் ஆகிறது. ஒவ்வொரு நாளும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.