பார்க்காமல் நிறுத்திய சத்தம்

விடிந்தும் விடியாத நேரம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுக் கட்டில்கள்; முன்பு நாலு நர்ஸ்கள், இப்போது இரண்டே பேர். மூத்த நர்ஸ் ஒவ்வொரு குழந்தையாகப் புரட்டிப் படுக்கவைத்து, குழாயில் சளியை உறிஞ்சி, முதுகைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது.

ஆறாம் கட்டிலில் ஏழு வயதுச் சிறுமி. அம்மா செங்கல் சுமக்கும் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவள். அடி தலையில்தான், ஆனால் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கவேண்டியது இதயத்தை. இதயம் தானாகவே துடிக்கும் என்றாலும் அதன் கடிவாளம் மூளையிடம் இருக்கிறது. அடிபட்ட மூளை வீங்கும். மண்டையோடு இம்மியும் விரிந்துகொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏறக் கடிவாளம் தாறுமாறாக இழுபடும். துடிப்பு சிலசமயம் பாய்ந்தோடும், சிலசமயம் படுத்துவிடும். படுத்துவிட்டால், நமக்கிருப்பது சில நிமிடங்கள்.

அதைச் சொல்லத்தான் மானிட்டர். மார்பில் ஒட்டிய வில்லைகள் வழியாக அது துடிப்பை எண்ணுகிறது. தினமும் மாற்றவேண்டிய வில்லையை மூன்று நாள் வைத்திருக்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. பசை காய்ந்தால் வில்லை பெயரும். மானிட்டர் சும்மாவே அலறும். அன்று மூன்று முறை அலறியது, மூன்றும் பொய். நான்காம் முறை, பக்கத்துக் கட்டிலில் கைவேலையாக இருந்த மூத்த நர்ஸ் திரும்பிப் பாராமலே எட்டிச் சத்தத்தை நிறுத்தினாள்.

“சிஸ்டர், வில்லை ஒட்டித்தான் இருக்கு! நாப்பத்தெட்டு காட்டுது!” என்று கத்தினாள் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா.

டாக்டர் ஓடிவந்தார். வீக்கத்தைக் குறைக்கும் மருந்து ஏறியது. துடிப்பு எழுபதுக்கு வந்தது. மூத்த நர்ஸ் வெளியே போய்ச் சிறுமியின் அம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அம்மா சொன்னாள்: “உங்கள நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வருது. ஆனா சாரத்துல தடுப்புக் கட்டாதவன், ‘புள்ளைய ஏன் பாத்துக்கல’ன்னு என்னைத்தான் கேட்டான்.”

எட்டு மணிக்கு விஷயம் தெரிந்து நிர்வாகி வந்தார். “அஜாக்கிரதைன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையவிட்டுக் கெளம்புங்க.”

“நிறுத்துனது நான்தான் சார், எழுதறேன். ஏன் நிறுத்துனேன்னும் எழுதுவேன்.”

“வில்லையா வந்து பட்டனை அமுக்குச்சு? கை உங்களோடதுதானே?”

“ரெண்டே கைதான் சார் இருக்கு,” என்றாள் ஆயா. “மூணாவது முளைக்க மருந்து வந்திருந்தா குடுங்க.”

“நீ பெருக்கற வேலையப் பாரு.”

“பெருக்கிட்டிருந்ததாலதான் சார் பார்த்தேன்.”

மூத்த நர்ஸ் எழுதி முடித்த கடிதத்தைப் பகல் வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து அடியில் எழுதினாள்: ‘போன வாரம் நானும் பார்க்காமல் நிறுத்தினேன்.’ அடுத்தவள் வாங்கினாள். காகிதம் கட்டில் கட்டிலாகப் போய், பக்கத்து வார்டுகளுக்கும் போய்வந்தது. ஒன்பது பேரின் ஒப்புதல்.

“எல்லாரையும் அனுப்பிடுவேன்!”

“அனுப்புங்க. எட்டுக் குழந்தைய நீங்க பாருங்க,” என்றாள் மூத்த நர்ஸ்.

நிர்வாகி காகிதத்தைத் தொடவே மறுத்தார். பகல் நேரத்தவர்கள் கட்டில்களருகே நின்றுகொள்ள, வேலை முடிந்தவர்கள் அதை இயக்குநர் அறைக்கே கொண்டுபோகக் கிளம்பினார்கள். படிக்கட்டில் சிறுமியின் அம்மா வழிமறித்தாள்.

“அதுல எனக்கும் எடம் இருக்கா?”

மூத்த நர்ஸ் காகிதத்தைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். செங்கல் தேய்த்த விரல்கள் பேனாவை அழுத்திப் பிடித்து, எழுத்துக் கூட்டி எழுதின: ‘ஆறாம் கட்டில் புள்ளையோட அம்மா.’

“இப்ப ஏறுங்க,” என்று அவளே முதல் படியில் கால்வைத்தாள்.