சிவப்புப் பொத்தான்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு ‘உடைப்பு அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருஷமாகக் கான்கிரீட் கட்டைகளை மெஷினில் வைத்து உடைக்கிறாள். கட்டை இரண்டு உருளைகள்மேல் படுத்திருக்கும். மேலிருந்து ஓர் இரும்பு விளிம்பு அதன் நடு முதுகை அழுத்தும். பட்டென்று இரண்டாகும். திரையில் சுமைக் கோடு சரிந்த கணமே அவள் கை மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கும். அந்தக் கைவேகத்தில் அவளுக்குக் கர்வம் வேறு.

தங்கைக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. தினமும் நாலு மணிக்குப் போன் பண்ணி, “இன்னைக்கு எத்தனை உடைச்ச?” என்பாள். எண்ணிக்கையைச் சொன்னால், “பாவம்க்கா, அதுங்க உன்னை என்ன பண்ணுச்சு?” என்று சிரிப்பாள். தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. இருவருக்கும் அலுத்ததே இல்லை.

அந்தப் போன் நின்று ஏழு மாதம் ஆகிறது.

அம்மா போன பிறகு தங்கைக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் இவள்தான். “பிரசவத்துக்கு உன் பக்கத்துல நிப்பேன்” என்று வாக்கும் கொடுத்திருந்தாள். வலி என்னவோ பத்து நாள் முந்திக்கொண்டது. அன்றைக்கென்று பார்த்து ஒரு வரிசைக் கட்டைகளுக்கு இருபத்தெட்டாம் நாள். வார்த்த இருபத்தெட்டாம் நாளில் உடைத்தாக வேண்டும், மறுநாள் உடைத்தால் செல்லாது. “முடிச்சிட்டு சாயங்காலம் பஸ் ஏறிடறேன்” என்றாள். ஏறியும் விட்டாள். வழியில் தங்கையின் போன் வந்தது.

“வலியில உன்னைத்தான் கூப்பிட்டேன். உனக்கு என்னைவிடக் கல்லுதான் பெருசு, இல்ல?”

அடுத்த வார்த்தை வருவதற்குள் குரல் கம்மி நின்றது. அந்த இடத்தில் இவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும் விட்டாள். கோபமா, வெட்கமா என்று இன்றைக்குவரை அவளுக்கே தெரியாது. பிறகு இரண்டு பக்கமும் வீம்பு. பெண் குழந்தை என்பதே மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். வாங்கி வைத்த காலுறைக்குள் இனி அந்தக் கால் நுழையாது என்று தெரிந்து, பெரிதாக இன்னொரு ஜோடி வாங்கினாள். இப்போது அதுவும் சிறிதாகியிருக்கும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு ஜோடியையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள்.

இன்றைக்கு வந்தவை புது மாதிரிக் கட்டைகள், ஆறு. சிமெண்டோடு மெல்லிய எஃகு இழைகளைக் கலந்து வார்த்தவை. பழக்க தோஷம், மதியத்துக்குள் மூன்றை முடித்துவிட்டாள். எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடும் என்ஜினியர் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அக்கா, மூணுலயும் நிறுத்திட்டீங்களே!”

“விரிசல் விழுந்துச்சே சார்.”

“விழட்டும். எனக்கு வேண்டியதே அதுக்கப்புறம் வர்ற கோடுதான். விரிசல் நாலு மில்லிமீட்டர் பிளக்கிற வரைக்கும் பொத்தான்ல கை வைக்காதீங்க.”

நாலாவதிலும் கை தானாகப் போய்த் தொலைத்தது. ஐந்தாவதற்கு வலது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். அடியில் விரிசல் விழுந்தது. கோடு மளமளவென்று இறங்கியது. விரல்கள் துடித்தன. கோடு நின்றது. பிறகு, நம்ப முடியாமல் பார்த்தாள், மெல்ல ஏறத் தொடங்கியது. உள்ளே இழைகள் டிக், டிக் என்று இழுபட்டன. இருபது நிமிஷம் கழித்துத் தூக்கினால் கட்டை ஒன்றாகவே கையில் வந்தது. பிளந்த வாய்க்குள் இழைகள் இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்திருந்தன.

“பாதியில நிறுத்தினதை மறுபடி மெஷின்ல ஏத்தினா?” என்று கேட்டாள்.

“ரிப்போர்ட்ல சேராது. ஆனா இழை எங்கயும் போகலையே, பிடிக்கும்” என்றார் கண்ணாடிக்காரர்.

ஆறாவதையும் முடித்துவிட்டு மணி பார்த்தாள். நாலு. போனை எடுத்தாள். ஆறு முறை அடித்தது.

“என்ன?” என்றாள் தங்கை.

“நான்தான்...”

“தெரியுது. ஏழு மாசம்! செத்தேனா இருக்கேனான்னு கேட்டியா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு, பல்லு முளைச்சுது, யார்கிட்டச் சொல்றது? பெத்தவ மாதிரி வளர்த்துட்டு இப்படியா...”

சட்டென்று குரல் நின்றது. அதே இடம். இவள் கட்டைவிரல் போன் திரையின் சிவப்பு வட்டத்தின்மேல் போய் நின்றது. போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ கீச்சென்று கத்தியது. இவள் அந்தக் குரலைக் கேட்பது இதுதான் முதல் முறை. கண் நிறைந்து மேஜை கலங்கியது.

“வச்சிட்டியா?” என்றாள் தங்கை.

“இல்ல. இருக்கேன்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “நான் இன்னும் முடிக்கலை.”

“திட்டுடி” என்றாள் அக்கா.