கூடு கட்டாத தேனீ

"மாமா, இந்தத் தேனீ ஏன் சொந்தமா கூடு கட்டாம அடுத்த தேனீ கூட்டுலயே முட்டை போடுது?"

ஐந்து வயது தூடா முற்றத்து மண்சுவர் அருகே குந்தியபடி இதைக் கேட்டாள். எங்கள் திரா பள்ளத்தாக்கில் மண்சுவர் என்று ஒன்று இருந்தால் தேனீ அதில் துளை போட்டுக் குடியேறிவிடும். சொந்தக்காரி பூவுக்குப் போன நேரம் பார்த்து, வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்புத் தேனீ ஒன்று அந்தத் துளைக்குள் நுழையும். குழந்தை கண்டதைத்தான் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்பதுதான் தவறு.

மழையில் வீடு இடிந்ததும், மூன்று நாள் விருந்தாளியாகத் தன் தங்கை, தூடாவின் அம்மா யம்னாவின் வீட்டுக்கு வந்தவர் மாமா ஹம்மு. மாதங்கள் ஓடி, இப்போது பேரீச்சையே பூத்துவிட்டது. விருந்தாளியிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. ஜாடையாகக் கேட்பது அதைவிடக் கேவலம்.

ஹம்மு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மச்சான், நேராவே சொல்லியிருக்கலாமே. பச்சப் புள்ளைக்குச் சொல்லிக்குடுத்தா கேக்க வைக்கணும்?"

யம்னாவின் கணவர் லஹ்சனுக்கு முகம் வெளுத்தது. "அல்லா மேல ஆணை! நிஜமாவே அப்படி ஒரு தேனீ இருக்கு!"

"நல்லா ஜோடிக்கிறீங்க."

ஹம்மு மூட்டை கட்டினார். அவர் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கினால், பூச்சியை ஏவி மைத்துனனைத் துரத்தியவன் என்ற பெயர் லஹ்சனுக்கு நிலைத்துவிடும். லஹ்சன் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவர் முன்னால் உட்கார்த்தினார். "அது வரட்டும். பாத்துட்டுப் போங்க."

குடும்பமே குந்தியது. தேனீ வரவில்லை.

"உங்க சாட்சிக்கு வெக்கமாக்கும்?" என்றார் ஹம்மு.

"நீங்க கொஞ்சம் மூச்ச அடக்குங்கண்ணே," என்றாள் யம்னா. "நீங்க விடுற மூச்சுக்கு ஒட்டகமே ஓடிடும்."

கடைசியில் புள்ளித் தேனீ வந்தது. எட்டிப் பார்த்து உள்ளே போனது. அதற்குள் சொந்தக்காரி கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பிவிட்டாள். புள்ளித் தேனீ பின்பக்கமாகவே வெளியே வந்து, ஒன்றும் தெரியாததுபோல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. தூடா கைதட்டிச் சிரித்தாள். லஹ்சன், "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தார்.

ஹம்மு மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், மகரந்தம் ஒட்டுறதுக்கு அது கால்ல முடியே இல்ல. அது என்னதான் பண்ணும்?" என்றவர், தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"படைச்சவன் அதுக்கும் பசியாத்துறான்," என்றார் லஹ்சன். "உள்ள வாங்க மச்சான், ரொட்டி ஆறுது."

மூட்டை உள்ளே திரும்பியது.

அடுத்த சந்தை நாளன்று எல்லோரும் கிளம்பினார்கள். முதுகு வலி என்று ஹம்மு பாயில் புரண்டார். "வருஷம் பூரா வலிக்கிற முதுகு!" என்று முணுமுணுத்துக்கொண்டே யம்னா போனாள்.

ஊர் காலியானதும் ஹம்மு மண்வெட்டியோடு பொது வாய்க்காலில் இறங்கினார். தூர் எடுக்க வேண்டிய லஹ்சனின் பங்கு அப்படியே கிடந்தது. கடைசிக் கூடைச் சேறு வரை வாரிக் கரையில் கொட்டினார். கால் கழுவினார். மண்வெட்டியைத் துடைத்து இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டு, வந்து பாயில் படுத்துக்கொண்டார்.