அறுபது தடவை உட்கார்ந்து எழுந்தவர்

என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது நான் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சிதான். சுஃபியா என்று பெயர் வைத்து, பிசியோதெரபி படிக்கவைத்த என் அத்தாவுக்கு நான் செய்த கைம்மாறு அது.

அத்தா அப்துல் ஹலீமுக்கு விளக்குத்தூண் பக்கம் கைலிக் கடை. முழங்கால் வலியால் இரண்டு வருடமாகப் பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத்தான் தொழுதார். விளாங்குடியிலிருந்து எனக்குச் சம்பந்தம் வந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நோயாளி மாதிரி உட்காரக் கூடாதாம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் காலையில் முப்பது முறை செய்யச் சொன்னேன். நான்கே மாதத்தில் நின்று தொழ ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அத்தா நைனா முகமது நாள் குறிக்க வந்த அன்று, அவர் வருவதற்குச் சற்று முன்பு, என் அத்தா யாருக்கும் தெரியாமல் அறுபது முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறார். காலுக்கு இரட்டிப்புப் பலம் வரும் என்று நினைப்பு. இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்குகிற ஆள் அவர். அவர் வந்ததும் கையோடு இருவரும் அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் போனார்கள்.

தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவர் லேசாக ஆடினாலும் தெரிந்துவிடும். நைனா முகமதுவின் பக்கத்தில் நின்ற என் அத்தா ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார். நைனா முகமது நாள் குறிக்காமலே கிளம்பிப் போனார். மறுநாள் தரகர் மூலம் தகவல் வந்தது. பெண்ணின் தகப்பனுக்கு நடுக்க நோய் போலிருக்கிறது, பிள்ளைகளுக்கும் வருமோ என்னவோ, யோசிக்க வேண்டும்.

அத்தா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அறுபது கணக்கை அப்போதுதான் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நானே விளாங்குடிக்குப் போன் போட்டேன்.

"ஒரு தடவை வீட்டுக்கு வாங்க மாமா. வந்து பார்த்துட்டு வேணாம்னு சொல்லுங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மனிதர் மறுநாள் மாலையே வந்துவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஒத்தக் கால்ல நில்லுங்க மாமா."

சிரித்துக்கொண்டே நின்றார். இருபது எண்ணும்வரை அசையவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அறுபது முறை உட்கார்ந்து எழச் சொன்னேன். நாற்பதிலேயே மூச்சு வாங்கியது. விடாமல் முடித்தார். மறுபடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நான்கு எண்ணுவதற்குள் ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்தார்.

"இது நோய் இல்ல மாமா. கால் களைச்சுப்போனா உடம்பு எந்தப் பக்கம் சாயுதுங்கிற சேதி மூளைக்குச் சரியாப் போகாது. நிமிர்த்துற தசைக்கும் சத்து இருக்காது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரியாயிரும். அத்தாவுக்கும் இம்புட்டுத்தான் நடந்துச்சு."

நைனா முகமது நாற்காலியில் சாய்ந்து கடகடவென்று சிரித்தார். "இதுக்கா நான் அம்புட்டு பயந்தேன்" என்றவர், வீட்டுக்குச் சொல்லப் போனை எடுத்தார். அத்தாவின் முகத்தில் இரண்டு நாள் கழித்து ரத்தம் ஓடியது. நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"நெசமாவே நோயா இருந்திருந்தா மாமா?"

அவர் போனைக் கீழே வைத்தார். அத்தா என்னைக் கண்ணாலேயே அதட்டினார்.

"வேணாம்னுதான்மா சொல்லியிருப்பேன்" என்றார் நைனா முகமது. "பொய் சொல்ல மாட்டேன்."

"விடுங்க பாய், நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார் அத்தா. சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நைனா முகமது தரையைப் பார்த்தபடி பேசினார். "பரீத் எங்கிட்ட ரெண்டு நாளாப் பேசலம்மா. அவருக்கு நோயின்னா பார்த்துக்க ஒரு மகனா நான் இருந்துட்டுப் போறேன் அத்தா, அதுக்குப் போயி யாராவது பொண்ண வேணாம்பாங்களான்னு கேட்டான். நான்தான் வாய மூடுடான்னு வஞ்சு விட்டேன்."

மாப்பிள்ளை பரீதை நான் ஒரே ஒரு முறை, அதுவும் நிமிர்ந்து பார்க்காமல் பார்த்திருக்கிறேன். முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை.

"நாள் குறிச்சிருங்க மாமா" என்றேன்.